நாலு பாத்தியை ஒண்ணாக்கு: வாசல் தோட்டத்துக்கு அக்கா டிப்ஸ்

செங்கோட்டைப் பக்கம் புதுசா கட்டுற வீடு எதைப் பார்த்தாலும் வாசல் ஒரே மாதிரி. கேட், கார் நிக்க ஒரு போர்டிகோ, கேட்டிலிருந்து படி வரைக்கும் டைல்ஸ் பாதை. மிச்சம் கிடக்கிற இடத்துல கொத்தனார் மீந்த செங்கலை வச்சு அங்கங்க கட்டிவிட்ட குட்டிக்குட்டிப் பாத்தி. ஒண்ணுல ரோஜா, ஒண்ணுல குரோட்டன்ஸ், ஒண்ணுல பூக்காத மல்லி, நாலாவதுல கோரை. நடுவுல இருக்கிற ரெண்டடி இடைவெளியில செருப்பு, உடைஞ்ச வாளி, மழைக்குப் பாசி.

ஏட்டி, உன் வாசலும் இப்படித்தான் இருக்குன்னா அந்த நாலையும் சேர்த்து ஒரே பாத்தியாக்கிடு. பெரிய செலவு கிடையாது. ஆனா வேலைக்கு ஒரு வரிசை உண்டு: முதல்ல மண், அடுத்து தண்ணி, அப்புறம் ஓரம், கடைசியா செடி. நம்மள்ல முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாச் செய்யுறோம். நர்சரியில கண்ணைப் பறிக்கிற செடியை வாங்கிட்டு வந்து, அதை எங்க வைக்கிறதுன்னு அப்புறமா யோசிக்கிறோம். இந்தத் தடவை நர்சரிக்குப் போறதைக் கடைசியில வச்சுக்கோ.

இணைச்சா என்ன லாபம்?

ஒரு கணக்கு போட்டுப் பாரு. நாலடி நீளம், மூணடி அகலத்துல நாலு பாத்தி வரிசையா இருக்குன்னு வை. நடுவுல ரெண்டடி இடைவெளி மூணு. தனித்தனியா இருக்கிறப்ப செடி வைக்கிற இடம் மொத்தம் 48 சதுர அடி. நாலு பாத்தியோட ஓரத்தையும் கூட்டினா 56 அடி. மூணு இடைவெளியையும் சேர்த்துட்டா 22 அடிக்கு 3 அடி ஒரே பாத்தி. இடம் 66 சதுர அடி ஆயிடும். ஓரம் 50 அடியாக் குறைஞ்சிடும்.

இடம் கூடுது, ஓரம் குறையுது. இதுல ஓரம் குறையுறதுதான் பெரிய லாபம். களை உள்ள நுழையுறது ஓரம் வழியா. வெயில்ல காய்ஞ்ச சிமெண்டு பக்கத்து மண்ணைச் சுடுறதும், தண்ணி வழிஞ்சு வீணாகுறதும் ஓரத்துலதான். குட்டிப் பாத்தி நாலு பக்கமும் காயும். பெரிய பாத்தியோட நடு மண்ணு ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். செடிக்கு வேர் விடவும் இடம் கிடைக்கும். மல்லிக்குச் செடிக்குச் செடி நாலடி இடைவெளி வேணும். நாலடிப் பாத்தியில அது ஒண்ணே ஒண்ணுதான் நிக்க முடியும். கூட ரெண்டு ரோஜா வச்சா மூணும் சண்டை போட்டு மெலிஞ்சு போகும்.

எங்க இணைக்கக் கூடாது?

கடப்பாரையை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல வாசலை வரைஞ்சு, தரைக்கு அடியில என்னென்ன ஓடுதுன்னு குறிச்சுக்கோ. தண்ணி பைப், மோட்டார் ஒயர், செப்டிக் டேங்க் மூடி, எர்த் கம்பி புதைச்ச இடம், சம்பு. வீடு கட்டினப்ப எடுத்த போட்டோ போன்ல இருந்தா தேடிப் பாரு. சுவருக்கு முன்னாடி பைப் போன வழி அதுல தெரியும்.

மழைநீர் சேகரிப்புக் குழி வாசல்ல இருந்தா அதைப் பாத்திக்குள்ள இழுத்துப் போடாதே. தமிழ்நாட்டுல 2003-லேயே வீடுதோறும் கட்டாயமாக்கின விஷயம் அது. அது மேல மண்ணும் இலையும் விழுந்தா ஜல்லி அடைச்சுக்கிட்டு, அடுத்த ஐப்பசியில தண்ணி உள்ள இறங்காம வாசல்ல நிக்கும். குழியைச் சுத்தி ஒரு அடி விட்டு, மூடியைக் கழட்டுற மாதிரி வச்சுக்கோ.

நடக்கிற பாதையை மறிக்காதே. கேட்டிலிருந்து படிக்கு, படியிலிருந்து கரண்ட் மீட்டருக்கு, குழாயடிக்கு ஆள் எப்படி நடக்கிறாங்கன்னு கவனி. கால் பழகின வழியில நீ கனகாம்பரம் வச்சாலும் கால் அந்த வழியிலதான் போகும். அது ஒரு ஆள் எப்பவாவது போற வழின்னா, அந்த இடத்துல நாலு தட்டைக் கல்லைப் பதிச்சுட்டு பாத்தியைச் சேர்த்துக்கலாம். தினம் பத்துத் தடவை போற வழின்னா விட்டுடு. பாதைக்கு ரெண்டு பக்கமும் ஒரே செடி, ஒரே மாதிரி ஓரக்கல் வச்சாலே பார்வைக்கு ரெண்டு பாத்தியும் சேர்ந்துடும்.

துளசி மாடம் இருந்தா அது இருந்த இடத்துலயே இருக்கட்டும். அம்மாவோ மாமியாரோ சுத்தி வர்றதுக்கு ரெண்டடி விட்டுட்டு, மத்ததை அதுக்கு ஏத்தபடி வளை. கோலம் போடுற இடத்தையும் தொடாதே. மார்கழியில புள்ளி கூடும்போது இடம் பத்தலன்னு நீதான் புலம்புவ.

இன்னொரு முக்கியமான விஷயம், வீட்டுச் சுவர். பாத்தி மண்ணைச் சுவரோட ஒட்டிக் குவிக்கக் கூடாது. அஸ்திவாரத்துக்கு மேல ஈரம் ஏறாம இருக்கப் போட்ட பட்டைக்கு மேல மண்ணு போச்சுன்னா ஈரம் சுவத்துல ஏறும், பெயிண்ட் உப்பும், கரையான் தேடி வரும். சுவருக்கும் பாத்திக்கும் நடுவுல ஒன்றரை அடி விட்டு ஜல்லி போட்டு வை.

வெயிலையும் காத்தையும் படி

ஒரு நாள் காலையில எட்டு மணி, மத்தியானம் பன்னெண்டு, சாயங்காலம் நாலுன்னு மூணு தடவை வாசலுக்குப் போய், வெயில் விழுற எல்லையைக் கோலப்பொடியால கோடு போடு. நம்ம ஊருக்கு மேற்கே மலை நிக்குது. அதனால சாயங்கால வெயில் சமவெளி ஊர்கள்ல மாதிரி கடைசி வரைக்கும் கிடைக்காது. சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னாடி போயிடும். மேற்குப் பார்த்த வாசல்னா, நிழலுக்கு முன்னாடி உண்மையில எத்தனை மணி நேர வெயில் கிடைக்குதுன்னு எண்ணு. மல்லி, ரோஜா, கேந்திக்கு ஆறு மணி நேரமாவது வேணும். அது இல்லாத இடத்துல மல்லி வச்சா இலைதான் பறிப்ப.

வெயிலை விட நம்ம ஊர்ல காத்து பெரிய ஆள். மேற்குத் தொடர்ச்சி மலையில பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழின்னு இருக்கிற கணவாய்கள் வழியாத்தான் தென்மேற்குப் பருவக்காத்து தமிழ்நாட்டுக்குள்ள பாய்ஞ்சு வருது. காத்தாலைகள் இந்தக் கணவாய்களைத் தேடி வந்து நிக்கிறதே அதனாலதான். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்றது மத்த ஊருக்கு. நம்ம ஊர்ல ஆனியிலயே பறக்கும்.

குட்டிப் பாத்தியில நட்ட செடி ஒவ்வொண்ணும் இந்தக் காத்தைத் தனியா வாங்கும். ஒரே பாத்தியா நெருக்கமா நட்டா ஒண்ணுக்கொண்ணு மறைவு. அதுக்கு மேற்கு, தென்மேற்கு ஓரத்துல செம்பருத்தி, நந்தியாவட்டை மாதிரி வளைஞ்சு கொடுக்கிற செடியை வேலியா வை. காத்து வடிகட்டி உள்ள வர்ற வேலிதான் நல்லது. கெட்டியான சுவரோ தகரமோ வச்சா காத்து அதை ஏறிக் குதிச்சு, சுவருக்கு உள்பக்கம் சுழன்று அடிக்கும். சுவரோரச் செடிதான் முதல்ல ஒடியும்.

பழைய ஓட்டு வீட்டுக்காரங்களுக்குத் தனியா ஒண்ணு. 1956 நவம்பர் 1 வரைக்கும் நம்ம தாலுகா திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தோட இருந்தது. அந்தப் பக்கத்துப் பாணியில சரிவா இறங்குற ஓட்டுக்கூரை இன்னும் பல தெருவுல உண்டு. சாரல் நாள்ல அந்தக் கூரை முனையிலிருந்து மணிக்கணக்கா சொட்டும். சொட்டு விழுற கோட்டுல செடி வைக்காதே. மண்ணு குழியாகி வேர் வெளிய வந்துடும். அந்தக் கோடு முழுக்க அரையடி அகலத்துக்கு கூழாங்கல் போட்டுடு. பாத்தி அதுக்கு அந்தப் பக்கம் தொடங்கட்டும்.

கோடு போடு, நாலு நாள் விடு

புதுப் பாத்தியோட எல்லையைத் தண்ணி விடுற ஓஸ் பைப்பை வளைச்சுப் போட்டுப் பாரு. நீளமான ஒரே வளைவு அழகு. பாம்பு மாதிரி ஏழெட்டு நெளிவு போட்டா ஓரக்கல் வைக்கவும் கஷ்டம், பெருக்கவும் கஷ்டம். பிடிச்ச வடிவம் வந்ததும் கோலப்பொடி தூவிக் கோட்டைப் பதிச்சுட்டு, நாலு நாள் அப்படியே விடு. வீட்டுக்காரர் பைக்கை எப்படித் திருப்புறார், கார்க் கதவு எதுவரைக்கும் திறக்குது, பிள்ளைங்க சைக்கிள் எங்க சாயுது, எல்லாம் தெரிஞ்சிடும்.

அகலத்துக்கு ஒரு விதி. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கை எட்டும்னா மூணு அடிக்கு மேல வேண்டாம். ரெண்டு பக்கமும் நிக்க முடிஞ்சா நாலு, நாலரை அடி வரைக்கும் போகலாம். அதுக்கும் மேல அகலம் வேணும்னா நடுவுல கால் வைக்க ரெண்டு கல் போட்டுடு. பூப்பறிக்க உள்ள இறங்கி மிதிச்ச மண்ணு இறுகிப் போயிடும்.

இடைவெளி மண்ணை நம்பாதே

இணைப்பு வேலையோட உயிர் இங்கதான் இருக்கு. பாத்தி மண்ணை நீ வருஷக்கணக்கா உரம் போட்டு வளர்த்திருப்ப. ஆனா இடைவெளியில இருக்கிறது கட்டட வேலை நடந்தப்ப லாரி ஏறி இறங்கின மண்ணு. அரையடி தோண்டினாலே செங்கல் துண்டு, சிமெண்டுக் கட்டி, சுண்ணாம்பு, டைல்ஸ் சில்லு, பெயிண்ட் டப்பா மூடி எல்லாம் வரும். மேல நல்ல மண்ணைத் தூவி மறைச்சா செடி மூணு மாசம் ஏமாறும். அப்புறம் வேர் அடியில போய் முட்டி நிக்கும். சுண்ணாம்பு, சிமெண்டு கலந்த மண்ணுல இட்லிப்பூச் செடி வச்சா இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். இரும்புச் சத்து மண்ணுல இருந்தாலும் அதால எடுத்துக்க முடியாது.

அதனால இடைவெளியை ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டி, குப்பையைப் பொறுக்கி வெளிய போடு. மம்பட்டி இறங்கலன்னா முந்தின நாள் சாயங்காலம் தண்ணி விட்டு ஊறவை. பாத்திக்கு நடுவுல இருக்கிற செங்கல் தடுப்பை எடுக்கும்போது அவசரப்படாதே. பழைய செடியோட வேர் செங்கலைப் பிடிச்சிருக்கும். பிய்க்காம, கத்தரியால சுத்தமா நறுக்கிவிடு. பிய்ஞ்ச வேர் அழுகும், நறுக்கின வேர் தழையும்.

அடுத்து தண்ணி வடியுதான்னு ஒரு சோதனை. ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்துல குழி எடுத்து நிறைய தண்ணி ஊத்து. வடிஞ்சதும் மறுபடி நிரப்பு. ரெண்டாவது தடவை ஊத்தினது நாலு மணி நேரத்துக்குள்ள வடிஞ்சா மண்ணு சரி. மறுநாள் காலை வரைக்கும் நின்னா அடியில இறுகின தட்டு இருக்கு. கடப்பாரையால அங்கங்க குத்தி அதை உடைக்கணும். அப்பவும் வடியலன்னா பாத்தியை அரையடி உயர்த்திக்கோ.

கோரை, அருகு இருந்தா அதுக்குத் தனி வைத்தியம். மேல பிடுங்கினா கோரை சிரிக்கும். கிழங்கு அடியில இருக்கு. மண்ணைக் கொத்தி, கிழங்கைக் கையால பொறுக்கு. பிறகு பங்குனி, சித்திரை வெயிலை வேலை வாங்கு. மண்ணை நனைச்சு, நிறமில்லாத பாலிதீன் ஷீட்டை இழுத்து மூடி, நாலு பக்கமும் மண்ணைப் போட்டு அடைச்சு, நாலிலிருந்து ஆறு வாரம் விடு. உள்ள சூடு ஏறி மேல் மண்ணுல இருக்கிற களை விதையும் நோய்க் கிருமியும் பெரும்பாலும் செத்துடும். ஆழத்துல தப்பின கோரை மறுபடி தலை காட்டும்போது அப்பப்ப பிடுங்கிட்டே வா. இலை விடவே விடலன்னா கிழங்கு இளைச்சுப் போகும்.

மட்டம் பாரு

நாலு பாத்தியும் ஒரே உயரத்துல இருக்காது. ஒண்ணு ஒரு செங்கல் உயரம், ஒண்ணு தரை மட்டம். உயரமான பாத்தி மண்ணைச் சரிச்சுப் பள்ளத்துக்குக் கொடு. தாழ்ந்த பாத்தியில ஏற்கனவே பெரிய செடி இருந்தா அதோட தண்டு மேல மண்ணைக் குவிக்காதே. கறிவேப்பிலை, செம்பருத்தி எல்லாம் தண்டு மூடினா பட்டை அழுகி மெல்ல மெல்ல வாடும். காரணம் தெரியாம நீ உரம் போட்டுட்டு இருப்ப. அந்தச் செடியைச் சுத்தி மட்டும் பழைய மட்டத்திலேயே ஒரு கிண்ணம் மாதிரி விட்டுடு.

பாத்தி நீளமாகும்போது அது சின்ன அணை மாதிரி ஆயிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில வாசல்ல விழுற தண்ணி முன்னாடி ரெண்டடி இடைவெளி வழியா தெருவுக்குப் போயிட்டிருக்கும். அந்த வழியை நீ அடைச்சுட்ட. அதனால தாழ்ந்த முனையில பாத்திக்கு அடியில ஒரு நாலங்குல பிவிசி பைப்பைப் பதிச்சுடு. பைப் வாயில வலை கட்டு, எலி உள்ள போகாம.

மண்ணுக்கும் உரத்துக்கும் கணக்கு

மூணு இடைவெளி, ஒவ்வொண்ணும் ரெண்டுக்கு மூணடி, ஒரு அடி ஆழம்: மொத்தம் 18 கன அடி. ஒரு சிமெண்டு சாக்கு சுமார் ஒன்றேகால் கன அடி பிடிக்கும். தோண்டின மண்ணு நல்லா இருந்தா அதுல மூணுல ஒரு பங்கு மக்கின தொழு உரம் கலந்தாப் போதும்; அஞ்சு சாக்கு உரத்துல வேலை முடிஞ்சிடும். மண்ணு முழுக்கக் கட்டடக் குப்பைன்னா பதினஞ்சு சாக்கு புது மண்ணு வேணும். தண்ணி பட்டதும் மண்ணு அமுங்கும், அதனால மூணு சாக்கு கூடவே வாங்கி வை.

புது மண்ணுக்குக் கலவை: செம்மண் ரெண்டு பங்கு, மக்கின உரம் ஒரு பங்கு, மண்ணு ஒட்டுற களிமண் ஜாதின்னா மக்கின தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு. குளத்துக் கரம்பை கிடைச்சா அருமையான சத்து, ஆனா அதை மட்டுமே போட்டா வெயில்ல வெடிக்கும். செம்மண்ணோட கலந்துதான் போடணும். பச்சைச் சாணியைக் கொண்டு வந்து கொட்டாதே. அது மக்கும்போது சூடு விடும். காண்டாமிருக வண்டு அதுலதான் முட்டை போடும். வாசல்ல தென்னை நின்னா வளர்ந்த வண்டு அதோட குருத்தைத் தேடிப் போகும். நடும்போது குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு போட்டுக்கோ.

முக்கியமா, புது மண்ணையும் பழைய பாத்தி மண்ணையும் எல்லையில கலந்து கொத்திவிடு. ரெண்டு வித மண்ணு கோடு போட்ட மாதிரி நின்னா, வேரும் தண்ணியும் அந்தக் கோட்டுல தயங்கும். மேல ஒரே பாத்தி, கீழ நாலு பாத்தின்னு ஆயிடும்.

பழைய செடிகளுக்குப் பேர் எழுது

இருக்கிற செடியை மூணாப் பிரி: அசைக்காம விடுறது, இடம் மாத்துறது, அனுப்பிவைக்கிறது. வயசான செம்பருத்தி, கறிவேப்பிலை, பவளமல்லி, இதெல்லாம் அசைக்கக் கூடாது. பாத்தி அதைச் சுத்தி வரட்டும். சின்ன இட்லிப்பூ, குரோட்டன்ஸ், ரெண்டு மூணு வயசு மல்லி, இதெல்லாம் இடம் மாறும்.

இடம் மாத்த நம்ம ஊருக்கு சாரல் காலம் மாதிரி நல்ல நேரம் இல்ல. மண்ணு ஈரம், வானம் மூடாப்பு. ஒரு மாசம் முன்னாடியே செடியைச் சுத்தி பாதி வட்டத்துக்கு மம்பட்டியைச் செங்குத்தா இறக்கி வேரை வெட்டி விட்டுடு. உள்பக்கம் புது வேர் தழைஞ்சிருக்கும். அப்புறம் மண் கட்டியோட தூக்கலாம். மேல கிளையில மூணுல ஒரு பங்கை வெட்டிக் குறை. நட்டதும் காத்துக்கு எதிரா ஒரு குச்சி ஊன்றி, இறுக்காம எட்டு வடிவத்துல கயிறு கட்டு. மல்லியை மட்டும் கார்த்திகை வாக்குல, நவம்பர் கடைசியில, முழங்கால் உயரத்துக்குக் கவாத்து பண்ணிட்டு மாத்தலாம். அது எப்படியும் அப்ப வெட்டு வாங்க வேண்டிய செடிதான்.

இணைப்புத் தெரியாம நடு

செடி நடுறப்ப பாதிப் பேர் செய்யுறது என்னன்னா, பழைய பாத்திகளை அப்படியே விட்டுட்டு, இடைவெளியில மட்டும் புதுச் செடி வைக்கிறது. மூணு ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி தெரியும். பழைய எல்லைக் கோடு எங்க இருந்ததோ, அதைக் கடந்து போற மாதிரி ஒரே செடியை நீளமா நடணும். ஒரு அஞ்சு கனகாம்பரம் வச்சா, ரெண்டு பழைய பாத்தியிலும் மூணு இடைவெளியிலுமா விழட்டும். கோடு தானா மறைஞ்சு போகும்.

இங்கிலாந்துல கெர்ட்ரூட் ஜீக்கில்னு ஒரு அம்மா (1843–1932) இருந்தாங்க. ஓவியம் படிச்சவங்க, அப்புறம் தோட்டம் அமைக்கிறதுல உலகப் புகழ். அவங்க செடிகளை வட்ட வட்டமா நடாம, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு சாய்வா நழுவிப் போற நீளக் கூட்டங்களா நட்டாங்க. ஒரு கூட்டம் பூத்து ஓய்ஞ்சாலும் பக்கத்துக் கூட்டம் அந்த இடத்தை மூடிக்கும். 22 அடிப் பாத்திக்கும் அதே உத்தி நல்லாப் பொருந்தும்.

பின்வரிசைக்கு செம்பருத்தி, நந்தியாவட்டை. நடுவுக்கு இட்லிப்பூ, மல்லி, கோழிக்கொண்டை, கேந்தி. முன்னாடி கனகாம்பரம், நித்தியகல்யாணி, ஓரத்துல பத்துமணிப்பூ. பிச்சிக்கு வீச்சான இடம் வேணும், படரவும் செய்யும்; அதை காம்பவுண்டு மூலையில கம்பி கட்டி ஏத்திவிடு. கனகாம்பரத்துக்கு நூற்புழு ஜென்ம எதிரி. பக்கத்துல கேந்தி வச்சா அந்தப் புழு குறையும். அரளி அழகுதான், வறட்சியும் தாங்கும். ஆனா இலை, பூ, தண்டு, விதை எல்லாமே விஷம். தவழுற பிள்ளை இருக்கிற வீட்டுல வாசலுக்கு வேண்டாம்.

ஆரியங்காவு தாண்டிப் புனலூர், கொல்லம் பக்கம் போறப்ப நர்சரியில ஆந்தூரியமும் ஹெலிகோனியாவும் பார்த்தா கை தன்னால நீளும். கொஞ்சம் யோசி. மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டுற ஊர். இந்தப் பக்கம் நமக்குக் கிடைக்கிறது சாரலும் காத்தும்தான். அந்த ஊர் நிழல்லயும் ஈரத்துலயும் வளர்ந்த அகல இலைச் செடி நம்ம ஆனிக் காத்துல நாரா கிழியும். வாங்கியே ஆகணும்னா போர்டிகோ மூலையில தொட்டியில வை. குற்றாலத்துல மங்குஸ்தான், ரம்புட்டான் பழம் தின்ன ருசியில அந்தக் கன்றை வாசல் பாத்தியில நட்டுடாதே. ரெண்டும் மரம். பாத்திக்கு அடங்காது.

தண்ணியும் மூடாக்கும்

ஒரே பாத்தியானதும் குடம் தூக்கி நாலு இடம் அலையுற வேலை போச்சு. மூணடி அகலத்துக்கு ஒன்றரை அடி இடைவெளியில ரெண்டு வரிசை சொட்டுநீர்க் குழாய் போதும். 16 மில்லிமீட்டர் குழாய், அடிக்கு ஒரு துளை. மொத்தம் 44 அடி. மேல ஒரு ஃபில்ட்டர் மாட்டு, இல்லன்னா உப்பும் தூசியும் துளையை அடைச்சிடும். ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணியைத் தினம் விடாதே, உப்பு சேர்ந்துடும். அரிசி கழுவின தண்ணி தாராளமா விடலாம்.

மண்ணைச் சும்மா விடாம ரெண்டு மூணு அங்குலத்துக்குக் காய்ஞ்ச இலை போட்டு மூடு. செடித் தண்டுக்கு ஒரு கையகலம் தள்ளியே இருக்கட்டும். ஆனி, ஆடிக் காத்துக்கு இலை எல்லாம் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போயிடும். அதனால மேல நறுக்கின தென்னை மட்டையைப் பாரமா வை. சாரல் தூறிட்டே இருக்கு, தண்ணி விட வேண்டாம்னு நினைக்காதே. தூறல் இலையை நனைக்கும், காத்து மண்ணைக் காய வைக்கும். விரலை ரெண்டு அங்குலம் உள்ள விட்டுப் பாரு. ஈரம் ஒட்டலன்னா தண்ணி வேணும்.

ஓரம் கட்ட அவசரம் வேண்டாம்

பழைய பாத்தியிலிருந்து எடுத்த செங்கல்லே ஓரத்துக்குப் போதும்; முன்னாடி 56 அடி கட்டினது, இப்ப 50 அடிதான். சிமெண்டு வச்சுக் கட்டாம, செங்கல்லைப் பாதி மண்ணுல புதைச்சு நிறுத்து. ஒரு மழைக்காலம் முடிஞ்சு மண்ணு அமுங்கி, உனக்கும் வடிவம் பிடிச்சுப் போன பிறகு வேணும்னா சிமெண்டு பூசலாம். பூசினாலும் ரெண்டு மூணு அடிக்கு ஒரு இடத்துல தண்ணி கசிய ஓட்டை விடு.

மீந்த செங்கல்லையும் தேங்காய் மட்டையையும் பாத்தி மூலையில குவிச்சு வைக்காதே. நம்ம ஊரு மலையடிவாரம். குவியல்னா எலி வரும், எலிக்குப் பின்னாடி பாம்பு வரும். படிக்குப் பக்கத்துல நாலடி வரைக்கும் குட்டைச் செடி மட்டும் வை, ராத்திரி லைட் போட்டா தரை தெரியணும். மயிலுக்கு இளம் நாத்துன்னா உயிரு. முதல் மாசம் மூங்கில் குச்சி நட்டு வலை போட்டு வை. ஆட்டுக்கு ஒரே மருந்து, கேட்டுக் கொண்டியைப் போடுறதுதான்.

மாசக் கணக்கு

- மாசி: வாசலை வரை, வெயில் கோடு போடு, ஓஸை வளைச்சு வடிவம் பாரு.
- பங்குனி, சித்திரை: இடைவெளியைத் தோண்டு, குப்பை எடு, கோரை பொறுக்கு, பாலிதீன் மூடு.
- வைகாசி: தடுப்பை உடை, வடிகால் பைப் பதி, உரம் கலந்து மட்டம் பண்ணு. மாத்த வேண்டிய செடிக்கு வேர் வெட்டு.
- ஆனி, ஆடி: சாரல்ல செடிகளை இடம் மாத்து. மேற்கு வேலி நடு. எல்லாத்துக்கும் ஊன்றுகோல்.
- ஆவணி: அமுங்கின இடத்துல மண்ணு போடு, சொட்டுநீர்க் குழாயை இழு.
- புரட்டாசி: காத்து தணிஞ்சிடும். இப்பத்தான் நர்சரி. கனகாம்பரம், கேந்தி, கோழிக்கொண்டை நடு.
- ஐப்பசி: பெருமழையில வாசல்ல தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு குடை பிடிச்சுட்டுப் போய்ப் பாரு. வடிகால் சரியா இருக்கான்னு அன்னிக்குத்தான் தெரியும்.

நாலையும் ஒரே வருஷத்துல இணைக்க முடியலன்னா ஒரு இடைவெளியை மட்டும் இந்த வருஷம் மூடு. மூணு இடைவெளியையும் தோண்டுறதுக்குள்ள இடுப்பு வலிச்சா ஆள் வச்சுக்கோ. ஆனா குப்பை பொறுக்கும்போது கூடவே நில்லு, அவசரத்துல மூடிட்டுப் போயிடுவாங்க.

முதல் வருஷம் பாத்தியில கால்வாசி இடத்தைக் காலியாவே விட்டு வை. நீ வாசல்ல பாத்தி போட்ட சேதி தெரு முழுக்கத் தெரிஞ்சதும், எதிர்வீட்டு ஆச்சி மருக்கொழுந்துக் கன்று கொண்டு வருவாங்க, மதினி டிசம்பர் பூ பதியன் கொடுப்பாங்க, பெரியம்மா ஒரு ரோஜாக் குச்சியை ஈரத்துணியில சுத்தி அனுப்புவாங்க. இடமில்லன்னு சொன்னா நம்ம ஊர்ல கோவிச்சுக்குவாங்க. கொடுத்த செடி பூத்திருக்கான்னு பார்க்க வேற வருவாங்க!